எழுத்துதான் காக்கும்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவி அவர்களே, சமூக மன்றத்தின் இந்த அறையில் முன்வரிசையை மட்டும் காலியாக விட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். சீனர்களின் ஏழாம் மாதத்தில், ஆவிகளுக்காகப் பாட்டுக் கச்சேரி நடக்கும் கெத்தாய் மேடைக்கு முன்னால்தான் முதல் வரிசையை ஆவிகளுக்கு ஒதுக்குவார்கள். இன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டு நீங்களும் ஒதுக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. இருக்கட்டும், அவர்களும் கேட்கட்டும்.

தலைப்பு இதுதான்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், செத்தும் சாகாத பேய்களிடமிருந்து வீரனைக் காப்பது மந்திரத்தின் எழுத்தா, ஆட்டம் நடத்துபவரின் கருணையா? ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவார்கள். ஆட்டத்தை நடத்த டிஎம் என்று ஒருவர் இருப்பார். பேய்களாக வருவதும் அவர்தான், சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்வதும் அவர்தான். கிட்டத்தட்ட உங்கள் வேலைதான், நடுவர் அவர்களே. என்ன, பேயாக வந்து எங்களைக் கடிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.

எதிரணித் தலைவி என்ன சொன்னார்? ‘டெத் வார்ட் என்றால் மரணக் காப்பு. மரணக் காப்புப் போட்டவன் பான்ஷீ என்ற பேயின் அலறலில் விழலாமா? தொடக்கநிலை நான்கு படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள், விழக்கூடாது என்றுதான் சொல்லும். அங்கே டிஎம் எழுத்தைப் பார்க்கக்கூடாது, மந்திரத்தின் மனசைப் பார்க்க வேண்டும்.’ கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். ஏனென்றால் அப்படி விழுந்தவனே நான்தான்.

சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீடு, சனிக்கிழமை இரவு. மேசையில் பிளாஸ்டிக் பையில் கட்டிவந்த கோப்பி ஓ, ஒரு டப்பா முறுக்கு, நடுவில் பகடைகள். என் பாத்திரம் ஏழாம் நிலை கிளெரிக், அதாவது மந்திரம் தெரிந்த பூசாரி. டெத் வார்ட் வாங்கவே ஏழாம் நிலைக்கு வர வேண்டும், அதற்கு எத்தனை சனிக்கிழமை போயிற்று என்று என் மனைவியைக் கேளுங்கள். எட்டு மணி நேரம் நிற்கும் காப்பு. காலையிலேயே எனக்கு நானே போட்டுக்கொண்டு இடிந்த கோபுரத்துக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பான்ஷீ அலறினாள். பதின்மூன்று எடுத்தால் தப்பலாம். இருபது முகப் பகடை முறுக்கு டப்பாவில் முட்டி நின்றது. ஒன்பது. என் கூடுதல் இரண்டையும் சேர்த்தால் பதினொன்று.

‘அதான் டெத் வார்ட் இருக்கே’ என்றேன். டிஎம் புத்தகத்தைத் திறந்து மெதுவாக இரண்டு முறை படித்தார். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதில் அந்த மந்திரம் இரண்டே இரண்டு வாசல்களில் காவல் நிற்கிறது. ஒன்று, அடிபட்டு உயிர்ப்புள்ளி, அதாவது உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பின் கணக்கு, பூச்சியத்துக்குப் போகும்போது ஒன்றில் நிறுத்தும். இரண்டு, அடியே இல்லாமல் ஆளை அந்த நொடியில் கொல்லும் வித்தை வந்தால் அதை ரத்து செய்யும். பான்ஷீயின் அலறல் அடிப்பதும் இல்லை, கொல்வதும் இல்லை. ஆளைப் பூச்சியத்தில் போடுகிறது, அவ்வளவுதான். மயங்கிக் கிடந்து, முறைக்கு முறை பகடை உருட்டி உயிருக்குப் போராட வேண்டியது உங்கள் பாடு. இரண்டு வாசலுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அவள் வந்துவிட்டாள்.

‘அண்ணா, இது அநியாயம்’ என்றான் தேசிய சேவை முடித்து வந்திருந்த பையன். அநியாயம்தான். இன்னும் ஒரு கூத்து சொல்கிறேன், எதிரணி குறித்துக்கொள்ளலாம். அந்த அலறலில் பகடை தேறியவனுக்கு மூன்று பகடை அளவு மன அடி விழும். அந்த அடியில் அவன் பூச்சியத்துக்குப் போனால் டெத் வார்ட் தாங்கிப் பிடிக்கும். தேறியவனுக்குக் காப்பு உண்டு, தோற்றவனுக்கு இல்லை. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஏன் எழுத்தின் பக்கம் நிற்கிறேன்? வீட்டுக்குப் போய் அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தேன். அலறல் முப்பது அடி தூரத்துக்குள் ‘அவளைக் கேட்கக்கூடியவர்களை’த்தான் தாக்கும் என்று இருக்கிறது. கேட்காதவனுக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் நிலை மந்திரம் ஒன்று, சைலன்ஸ், என் பட்டியலிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. போட்ட இடத்திலிருந்து எந்தப் பக்கமும் இருபது அடி தூரத்துக்குச் சத்தமே கிடையாது. நாலாம் நிலை மந்திரமான டெத் வார்ட் செய்யாததை அது செய்திருக்கும். டிஎம் அன்றைக்கு இரக்கப்பட்டு டெத் வார்ட் செல்லும் என்று சொல்லியிருந்தால், பான்ஷீயை எப்படி எதிர்ப்பது என்று நான் இன்று வரை கற்றிருக்க மாட்டேன். ஒரே காப்பு எல்லாவற்றையும் தடுத்தால், மற்ற மந்திரங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடலாம்.

காப்பு என்றாலே சொல்தான், நடுவர் அவர்களே. நம் கவசப் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மொத்த உடம்பையும் காப்பாற்று சாமி’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாமே? முடிக்கவில்லை. நெற்றி, கண், பல், நாக்கு என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் காக்கச் சொல்வார்கள். விட்டுப்போனது விட்டுப்போனதுதான் என்ற பயம். மலாய்க் கதைகளில் பொந்தியானாக்கை அடக்க ஆணியைப் பிடரியில் அடிக்க வேண்டும். ஏறக்குறைய பிடரி என்று தோளில் அடித்தவன் கதை சொல்லத் திரும்பி வரவில்லை.

இரணியனை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதனாலும் மிருகத்தாலும் சாகக்கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, தரையிலும் வானிலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது. நம் ஊரின் முதல் டெத் வார்ட் அது. நாராயணன் நினைத்திருந்தால் ‘கெட்டவன், வரம் செல்லாது’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவரை யார் கேட்பது? அப்படிச் செய்யவில்லை. சிங்கமுகத்தோடு, அந்தி நேரத்தில், வாசற்படியில், மடியில் போட்டு, நகத்தால். ஒரு வார்த்தையையும் மீறவில்லை. சந்து எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தார். ‘அவன்தான் செத்துவிட்டானே, எழுத்து எங்கே காத்தது?’ என்று எதிரணி கேட்பார்கள். அந்த அந்தி வரும்வரை மூவுலகிலும் ஒருவரும் அவனைத் தொட முடியவில்லையே! நடுவில் யாராவது மனசு வைத்து மாற்றலாம் என்றிருந்தால், அந்த வரம் ஒரு நாள் தாங்கியிருக்குமா?

இதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். வேறொரு சனிக்கிழமை, இரத்தக்காட்டேரியின் கோட்டை. எங்கள் வீரனை மயக்கி எங்கள் மேலேயே ஏவ வேண்டும் என்று டிஎம் மூன்று வாரமாகத் திட்டம் போட்டிருந்தார், முகத்திலேயே தெரிந்தது. பதினேழு எடுக்க வேண்டும், வீரனுக்கு அது எட்டாக்கனி. ஆனால் நான் முந்தின முறையிலேயே வெள்ளிப்பொடியும் இரும்புப்பொடியும் செலவழித்து அவன்மேல் புரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் போட்டுவிட்டேன். சாகாப் பேய்கள் அவனை மயக்கவோ மிரட்டவோ உள்ளே புகுந்து ஆட்டவோ முடியாது என்று எழுத்து சொல்கிறது. பகடையே தேவையில்லை. டிஎம் படித்தார், புத்தகத்தை மூடினார், ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். கருணைதான் சட்டம் என்றால், ‘இவன் ரொம்பப் பழைய காட்டேரி, இவனுக்கு அது பொருந்தாது’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கருணை காட்ட உரிமை உள்ளவருக்குக் கருணை காட்டாமலிருக்கவும் உரிமை உண்டு.

காட்டேரியும் சும்மா இருக்கவில்லை. மயக்கத்தான் முடியாது, கடிக்கலாம். இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் தடை. பிடித்தான், கடித்தான், வீரனின் உச்ச உயிர்ப்புள்ளியே குறைந்தது. அதைப் பற்றி என் மந்திரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் என்மேல் பாய்ந்தான். கவனம் வைத்துப் பிடித்திருக்கும் மந்திரம், அடி வாங்கினால் நழுவலாம். பத்து எடுத்தால் போதும், நான் எடுத்தது ஆறு. அதற்கப்புறம் நடந்ததை வீரனாக ஆடிய நண்பர் முன்னால் சொல்ல வேண்டாம், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியாக ஒன்று. மந்திரத்தின் மனசைப் பாருங்கள் என்கிறார்களே, எந்த மனசை? 1977-இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற இந்த ஆட்டத்தின் பேய்ப் புத்தகத்தில் வைட் என்ற பேய் ஓர் அடி அடித்தால் ஒரு நிலை போய்விடும், தப்பப் பகடையே கிடையாது. மாதக்கணக்கில் சேர்த்தது ஒரு தொடுதலில் காலி. 2003-இன் மூன்றரைப் பதிப்பில் டெத் வார்ட் அந்த உறிஞ்சலை முழுதாகத் தடுத்தது. 2014-இல் அதே வைட் உச்சப் புள்ளியைக் குறைக்கிறது, அதே பெயருள்ள டெத் வார்ட் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. பழைய பதிப்பில் வளர்ந்த டிஎம்முக்கு ஒரு மனசு, புதிதாக வந்தவருக்கு ஒரு மனசு. எழுத்து இல்லையென்றால் அன்றைக்கு மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவரின் இளமைக்கால ஞாபகம்தான் சட்டம்.

இன்னும் மம்மி இருக்கிறது, நிழற்பேய் இருக்கிறது. மணி அடித்துவிட்டது. எனக்கு எட்டு நிமிடம் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது, நடுவர் அவர்களே. எதிரணித் தலைவி ஒன்பதரை நிமிடம் பேசினார், அது உங்கள் கருணை. நான் எழுத்துப்படி உட்கார்ந்துவிடுகிறேன்.