கரண்ட் வைத்தும் கரையாத கட்டி

நேயர்களுக்கு வணக்கம். "கரண்ட் வச்சும் கட்டி கரையலையே டாக்டர்" என்று கேட்டு நிற்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். கரண்ட் என்று அவர்கள் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. அதே வாய்ப்புற்று, அதே அளவு கதிர்வீச்சு. ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை.

கதிர்வீச்சு புற்றுச் செல்லின் டிஎன்ஏ இழையை அறுக்கிறது. அறுந்த இடம் மறுபடி கூடாமல் இருக்க ஆக்சிஜன் வேண்டும். கன்னத்தின் உட்புறம் பெரிதாக வளர்ந்துவிட்ட கட்டியின் நடுவே ரத்தம் சரியாகப் போய்ச் சேராது. ஆக்சிஜன் இல்லாத அந்தச் செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படும். 1950களிலேயே இதை எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் இயற்பியலாளர் கிரே. இன்று கதிர்வீச்சை அவர் பெயரால்தான் அளக்கிறோம்.

சில செல்களில் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம் மிகுந்திருக்கும். அது பெருகவும் தூண்டும், அறுந்த டிஎன்ஏவை ஒட்டவும் உதவும். பழுதான செல்லைச் சாகவைக்கும் பி53 மரபணு கெட்டுப்போன செல்லோ, அடிபட்டாலும் எளிதில் சாகாது. இதெல்லாம் நோயாளியின் கையில் இல்லை.

எனக்குக் கவலை வேறொன்றில். சிகிச்சை ஆறேழு வாரம் நடக்கும். மூன்றாவது வாரத்தில் வாய் வெந்துபோய்விடும். கஞ்சி இறங்காது, எச்சில் விழுங்கினாலே உயிர் போகும். "பத்து நாள் ஊருக்குப் போய் உடம்பைத் தேத்திக்கிட்டு வரோம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் மேல் கோபப்பட முடியுமா? ஆனால் நான்காவது வாரம் வாக்கில்தான் தப்பிப் பிழைத்த செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. ஒரு நாள் தள்ளிப்போனால் சுமார் 0.6 கிரே வீண் என்பது கணக்கு. தினமும் கொடுப்பதே 2 கிரேதான். பத்து நாள் விட்டால் மூன்று நாள் சிகிச்சை போன மாதிரி.

அப்புறம் பீடி, சிகரெட். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிகிச்சையின்போதும் புகைத்தவர்களுக்குப் பலன் குறைந்ததை 1993-இல் கனடா ஆய்வொன்று காட்டியது. ரத்தசோகை இருந்தாலும் கட்டிக்குப் போகும் ஆக்சிஜன் குறையும்.

வலி தாங்கவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மார்ஃபின் இருக்கிறது. சாப்பிட முடியவில்லையென்றால் மூக்கு வழியே குழாய் போட்டு உணவு கொடுக்கலாம். மெஷின் பழுதாலோ பண்டிகையாலோ ஒரு நாள் விட்டுப்போனால், எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். சனிக்கிழமை வரச்சொல்லலாம். இல்லையென்றால், குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறை கொடுக்கலாம்.