கீழே கிடக்கும் பித்தளை யாருடையது? ரேஞ்சில் காலிக் கூடு பொறுக்கும் முறை

வணக்கம் நண்பர்களே! இன்றைய வீடியோ துப்பாக்கியைப் பற்றியது இல்லை. சுட்டு முடித்தபின் தரையில் உருண்டு கிடக்கிறதே தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடு, அதைப் பற்றியது. ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்துக்கு, புதிதாக வருகிறவர்கள் துப்பாக்கியைப் பிடிப்பதற்கும் குறி பார்ப்பதற்கும் நன்றாகத் தயாராகி வருகிறார்கள். குனிந்து கூடு பொறுக்குவதற்கும் ஒரு முறை உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. குறி தப்பியதற்காக ஒருவரை இன்னொருவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பித்தளைக்காக முகம் சிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதோ, கையில் இருப்பது 9 எம்எம் கூடு. கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. சுடும்போது இது விரிந்து சேம்பர் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொண்டு வாயு பின்னால் வராதபடி அடைத்துவிடும். அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி வெளியே வந்துவிடும். குண்டு போயிற்று, வெடிமருந்து எரிந்துவிட்டது, அதைப் பற்றவைக்க அடியில் இருக்கும் பிரைமர் தீர்ந்துவிட்டது. கூடு மட்டும் மிச்சம். பழைய பிரைமரைத் தள்ளி எடுத்து, டை என்னும் அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புதிதாகப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடியும் தோட்டா ஆகிவிடும். ரீலோடிங் என்பது இதுதான். தோட்டாவின் பாகங்களில் திரும்பப் பயன்படுவது இந்தக் கூடு ஒன்றுதான். அதனால் உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவது, பக்கத்து மேசைக்காரருக்கு அடுத்த வாரத்துத் தோட்டா.

சரி, தரையில் கிடப்பது யாருடையது? முதல் பேச்சு ரேஞ்சுடையது. சில இடங்களில் தரையில் விழுந்ததெல்லாம் ரேஞ்சுக்கே சொந்தம். அதை விற்றுத்தான் செலவில் ஒரு பகுதியைச் சரிக்கட்டுகிறார்கள். சில இடங்களில் நீங்கள் கொண்டுவந்து சுட்டதை மட்டும் எடுத்துப் போகலாம். அங்கேயே வாங்கிய தோட்டாவின் கூட்டை அவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் இடமும் உண்டு. இன்னும் சில கிளப்புகளில் யாரும் எதையும் எடுத்துக்கொள்ளலாம், தரையைச் சுத்தமாக விட்டுப் போனால் சரி. சுவரில் எழுதி மாட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் உள்ளே நுழைந்து பெயர் எழுதும்போதே கேட்டுவிடுங்கள். பை நிறைய அள்ளிக்கொண்டு வாசலில் நின்று கேட்பது இரண்டு பேருக்கும் சங்கடம்.

அதற்கு அடுத்தபடி, சுட்டவருடையது. ரேஞ்சு எடுக்கலாம் என்று சொல்லிவிட்டாலும், பக்கத்தில் ஒருவர் சுட்டுக்கொண்டிருக்கும்போது அவர் காலடியில் விழுந்ததை அவரைக் கேட்காமல் தொடக் கூடாது. என்னைப் பொறுத்தவரை இதில் விதிவிலக்கே இல்லை. கேள்வி சின்னதுதான்: “உங்கள் பித்தளையை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?” அவ்வளவு போதும். பெரும்பாலானவர்கள் “வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். ரீலோடிங் செய்யாதவர்களுக்கு அதைப் பெருக்கும் வேலை மிச்சம். ஆனால் எப்போது கேட்கிறீர்கள் என்பது முக்கியம். அவர் துப்பாக்கியைக் கையில் பிடித்திருக்கும்போது தோளைத் தட்டாதீர்கள். காதில் கவசம் மாட்டியிருக்கிறார், நீங்கள் பேசுவது கேட்காது, திடுக்கிட்டுத் திரும்புவார். துப்பாக்கியைக் காலி செய்து மேசையில் வைத்துவிட்டுக் கவசத்தைக் கழற்றுவாரே, அதுதான் நேரம். அவர் வந்தவுடனேயே, முதல் தோட்டா சுடுவதற்கு முன் கேட்டுவைத்தால் இன்னும் நல்லது.

ஒரு கூட்டுக்கு ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். இதை நான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் மரியாதை எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. தூரத்து இலக்குக்கு ரைஃபிள் சுடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், வந்த கூடுகளை வாங்கியிருப்பார். எடை போட்டுப் பிரித்திருப்பார், நீளம் அளந்து வெட்டியிருப்பார். எத்தனை முறை சுட்டாயிற்று என்று பெட்டி மூடியில் எழுதி வைத்திருப்பார். பித்தளை ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் இறுகிக்கொண்டே போகும். இறுகிய கழுத்து ஒரு நாள் நீளவாக்கில் பிளக்கும். அதனால் சில தடவைக்கு ஒருமுறை கழுத்தை நெருப்பில் காட்டி இளக்குவார். அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு கட்டத்தில் கூடு குறுக்கே அறுந்து தலை தனியாகக் கழன்றுவிடும். அப்போது வாயு பின்பக்கம் பீறிடும், சுடுகிறவர் முகம் இருக்கும் பக்கம். ஆக அந்தப் பெட்டியில் 50 கூடு இருந்தால் ஐம்பதுக்கும் ஒரே வயது, ஒரே வரலாறு. நீங்கள் ஒன்றை எடுத்துப் போனால் அவருக்கு ஒன்று குறையும், அது பரவாயில்லை. உங்களுடைய ஒன்று தெரியாமல் அவர் பெட்டிக்குள் போய்விட்டால்? எத்தனை முறை சுட்டது என்று தெரியாத ஒன்று, வேறு ரைஃபிளின் சேம்பருக்கு விரிந்த ஒன்று. அதனால்தான் அவர்கள் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள். கஞ்சத்தனம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

இதே காரணம் உங்களுக்கும் பொருந்தும். பொறுக்கிய கூட்டின் வயது உங்களுக்குத் தெரியாது. 9 எம்எம், .45 ஏசிபி போன்ற பிஸ்டல் கூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, விரிசலும் வீக்கமும் இல்லையென்றால் நான் தாராளமாகப் பயன்படுத்துவேன். அழுத்தம் அதிகமான ரைஃபிள் கூடுகளில், யார் சுட்டது என்று தெரியாததை நான் எடுப்பதே இல்லை. பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

இப்போது குனிவதைப் பற்றி. ரேஞ்சில் சுடும் கோடு என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டி இலக்குப் பக்கம் விழுந்த கூட்டை மறந்துவிடுங்கள். எல்லோரும் துப்பாக்கியைக் காலி செய்து, ஆக்‌ஷனைத் (தோட்டா ஏறி இறங்கும் பகுதியைத்) திறந்து வைத்து, விலகி நின்று, ரேஞ்ச் ஆபீசர் போகலாம் என்று சொன்னபிறகுதான் அந்தப் பக்கம் கால் வைக்கலாம். அரை அடி தூரத்தில்தானே கிடக்கிறது, கையை மட்டும் நீட்டுகிறேன் என்பதும் கூடாது. கோட்டுக்குப் பின்னால் கிடந்தாலும், பக்கத்தில் ஒருவர் சுட்டுக்கொண்டிருக்கும்போது அவர் காலருகே குனிந்து தவழாதீர்கள். கண்ணோரத்தில் ஏதோ அசைவது தெரிந்தால் அவர் கவனம் சிதறும். அந்த நேரத்தில் அவர் கையில் இருப்பது நிரப்பிய துப்பாக்கி. சில ரேஞ்சுகளில் எல்லோரும் நிறுத்தியிருக்கும் இடைவேளையில் மேசை மீதுள்ள துப்பாக்கியைத் தொடவே கூடாது என்பது விதி. கூடு பொறுக்க அந்த இடைவேளைதான் பொருத்தம். ஆனால் பொறுக்கும் சாக்கில் மேசையில் சாய்ந்து கை வைக்காதீர்கள். தூரத்திலிருந்து பார்க்கிற ஆபீசருக்கு அது துப்பாக்கியைத் தொடுவது போலத்தான் தெரியும்.

அப்புறம், இப்போதுதான் வெளியே வந்த கூடு தோலைச் சுடும். ஒரு நிமிடம் பொறுங்கள், தானாக ஆறிவிடும். சட்டைக் காலருக்குள் சூடான கூடு விழுந்தால் அதை எடுக்கத் துள்ளிக் குதித்துத் துப்பாக்கியோடு திரும்புகிறவர்கள் உண்டு, அது கூட்டின் சூட்டைவிடப் பல மடங்கு ஆபத்து. கழுத்து மூடிய சட்டை, தொப்பி, கண்ணாடி, இவை போதும். விழுந்துவிட்டாலும் குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். துப்பாக்கியை வைத்துவிட்டு அப்புறம் சட்டையை உதறுங்கள்.

பெரும்பாலான பிஸ்டல்களும் ரைஃபிள்களும் கூட்டை வலப்பக்கம் எறியும். அப்படியென்றால் உங்கள் வலது பக்கத்தில் நிற்பவர் தலையில் உங்கள் பித்தளை மழை. இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் வலது ஓரத்தில் தடுப்புச் சுவர் உள்ள லேனை (நின்று சுடும் இடத்தை) கேளுங்கள். இல்லாவிட்டால் கூடு பிடிக்கும் வலை ஒன்றை மாட்டலாம், மேசையோடு நிற்கிற மாதிரியும் கிடைக்கிறது, துப்பாக்கியோடு பொருந்துகிற மாதிரியும் கிடைக்கிறது. உங்கள் கூடு அவர் பக்கம் போய்விட்டால் அவர் இடத்துக்குள் போய்ப் பொறுக்காதீர்கள். அவர் நிறுத்தியதும் சொல்லுங்கள், அவரே தள்ளிக் கொடுப்பார். இரண்டு பேருடையதும் கலந்துவிட்டது, இரண்டு பேரும் ஒரே தயாரிப்பைச் சுடுகிறீர்கள் என்றால்? வீட்டிலேயே உங்கள் கூடுகளின் அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு வண்ணக் கோடு போட்டுவிட்டு வாருங்கள். கூடுகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கிவைத்தால் ஒரே இழுப்பில் கோடு போட்டுவிடலாம். கோடு இல்லாததும் சந்தேகமானதும் அவருக்கே போகட்டும்.

போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய பிராக்டிகல் (நகர்ந்துகொண்டே சுடும்) போட்டிகள் பலவற்றில் ‘லாஸ்ட் பிராஸ்’ என்று அறிவித்துவிடுவார்கள். நீங்கள் சுட்ட கூடாகவே இருந்தாலும் குனிந்து எடுக்கக் கூடாது. ஒருவர் குனிந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும், நாள் முழுக்க இழுக்கும். உள்ளூர் சின்னப் போட்டிகளில் இலக்கில் ஓட்டைகளுக்கு ஒட்டு ஒட்டும் நேரத்தில் பொறுக்குவார்கள். அங்கே என் கருத்து ஒன்றுதான்: முதலில் ஒட்டு ஒட்டுங்கள், விழுந்த இரும்புத் தட்டுகளை நிமிர்த்துங்கள். எல்லோரும் வேலை செய்யும்போது ஒருவர் மட்டும் பை நிரப்பிக்கொண்டிருப்பது நன்றாக இல்லை.

எல்லாம் பித்தளையும் இல்லை. ஒரு காந்தம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கூடு ஒட்டிக்கொள்ளும். அலுமினியம் ஒட்டாது, ஆனால் எடையும் வெளுத்த நிறமும் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளியாக மின்னுவது நிக்கல் பூசிய பித்தளையாகவும் இருக்கலாம், அது நல்ல கூடுதான். .22 ரிம்ஃபயர் கூட்டில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கும், வழக்கமான ரீலோடிங்குக்கு உதவாது. உள்ளே எட்டிப் பாருங்கள்: நடுவில் ஒரு துளை என்றால் பாக்ஸர் வகைப் பிரைமர், ரீலோடிங் சுலபம், இரண்டு சின்னத் துளை என்றால் பெர்டான் வகை, பிரைமரைத் தள்ளும் ஊசி அதில் நடுவே போய் முட்டி வளையும். 9 எம்எம் கூட்டம் நடுவே .380 என்ற வேறு வகைக் கூடு ஒளிந்திருக்கும், அதன் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர், 9 எம்எம் சுமார் 19. .45 ஏசிபியில் பெரிய பிரைமர், சின்னப் பிரைமர் இரண்டு வகையும் புழக்கத்தில் உண்டு. இதையெல்லாம் ரேஞ்சில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு வேண்டாத இரும்பையும் அலுமினியத்தையும் அங்கேயே உதறிவிட்டுப் போகக் கூடாது. அள்ளினால் முழுவதையும் அள்ளி, வேண்டாததை உரிய வாளியில் போடுங்கள்.

அந்த வாளியைப் பற்றியும் கேட்கிறார்கள். ரேஞ்சின் பித்தளை வாளியிலிருந்து எடுக்கலாமா? அனுமதி இல்லாமல் கூடாது. அதில் விழுந்ததும் அது ரேஞ்சுடையது. தரையைவிட இதில் சந்தேகம் குறைவு.

தரையில் கூடுகளுக்கு நடுவே சுடப்படாத தோட்டா கிடப்பதும் சாதாரணம்தான். பிரைமரில் ஊசி பட்ட குழி இருந்தும் குண்டு மேலேயே இருந்தால் அது வெடிக்காத தோட்டா. அதைப் பையில் போடாதீர்கள், பித்தளை வாளியிலும் போடாதீர்கள். வாளி கடைசியில் உருக்கும் உலைக்குப் போகிறது, அங்கே ஒரு தோட்டா போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெடிக்காத தோட்டாவுக்குத் தனிப் பெட்டி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் ரேஞ்ச் ஆபீசரிடம் கொடுங்கள்.

கடைசியாக, குழந்தைகளை அழைத்து வருகிறவர்களுக்கு. குனிய வலிக்கிறது என்று பொறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுகிறோம், அவர்களுக்கும் பளபளப்பான பொருள் என்றால் பிடிக்கும். ஆனால் பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது; கூட்டின் உள்ளே படிந்த கரியிலும் தரைத் தூசியிலும் அது இருக்கும். சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள், வளரும் மூளையை ஈயம் பாதிக்கும். அவர்களைப் பொறுக்க விடாதீர்கள். பெரியவர்களும் கையுறை போடுங்கள், தொப்பியில் அள்ளி அதையே மறுபடி தலையில் மாட்டாதீர்கள், கை கழுவும் வரை எதையும் தின்னாதீர்கள். ஈயத்தை நீக்குவதற்கென்றே சோப்பும் துடைதாளும் விற்கிறார்கள், பையில் ஒன்று இருக்கட்டும். உள்ளரங்க ரேஞ்சில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டாம், தூசி எழும்பி எல்லோர் மூச்சுக்குள்ளும் போகும். கம்பிக்கூண்டு உருளை ஒன்று வருகிறது, நீளமான கைப்பிடியோடு. தரையில் உருட்டினால் கூடுகள் தானாக உள்ளே ஏறிவிடும். முதுகும் தப்பும், கையும் தப்பும்.

பொறுக்கியதை ஈரமாகக் கழுவுவதா, டம்ளர் என்னும் மெருகு இயந்திரத்தில் உலர்வாகப் போட்டு மெருகேற்றுவதா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தூசி காரணமாக நான் ஈரத்தின் பக்கம்தான். அடுத்த வீடியோவில் செய்தே காட்டுகிறேன். உங்கள் ரேஞ்சில் பித்தளைக்கு என்ன விதி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். வரட்டுமா!