277 பேர் போனார்கள்

அனைவருக்கும் வணக்கம். ‘சென்னையும் உலகப் போர்களும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதுமே உங்களில் பாதிப் பேருக்கு எம்டன் ஞாபகம் வந்திருக்கும். சரி, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் அந்த ஜெர்மன் கப்பல் நம் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று அரை மணி நேரம் போல் சுட்டது. 120க்கும் மேல் குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு பட்ட இடத்தில் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுக்கருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ என்ற போர்க்கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. ஏழே வாரத்தில் கதை முடிந்தது. ‘அவன் சரியான எம்டன்’ என்பது மட்டும் நம் வாயிலேயே தங்கிவிட்டது. (ஜெர்மனியில் இருந்த விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். நான் நம்பவில்லை.)

அரை மணி நேரம் நம்மைச் சுட்டவனை நூறு வருஷம் தாண்டியும் பேசுகிறோம். இங்கிருந்து போனவர்களை?

வேலூர் லாங் பஜாருக்குப் போனால் மணிக்கூண்டை அண்ணாந்து பாருங்கள். ‘இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கல். பெயர் ஒன்றுகூடக் கிடையாது. வேலூரைப் போய்க் கிராமம் என்று வெட்டியிருக்கிறார்களே என்று சிரிப்பு வரும். ஊர் ஊராக ஒரே வாசகம், எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இதே கணக்குதான். முதல் போரில் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக் பக்கம், இறந்த 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது. வெள்ளைக்கார வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. நம் சிப்பாய்களுக்கு? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே, ‘மற்றும் இத்தனை பேர்’. 

இதற்குப் பின்னால் ஒரு பழைய ஏளனமும் இருந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற எண்ணத்தோடு வடக்கே போனார். பிறகு இந்தியாவுக்கே தலைமைத் தளபதியானார். ‘போர்க்குடி’ என்று சில சாதிகளைப் பொறுக்கி எடுத்ததில் நம் காலாட்படை தேய்ந்தது. முதல் போருக்குப் பிறகு அநேகமாக எல்லாவற்றையும் கலைத்தார்கள். இரண்டாம் போரில் ஆள் தட்டுப்பாடு வந்ததும் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி திரட்டினார்கள். வேண்டும்போது போர்க்குடி ஆகிவிடலாம் போலிருக்கிறது!

கலைக்காமல் விட்டது சேப்பர்களை. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. 1780-இல் மதராஸில் தொடங்கிய படை, பிறகு பெங்களூருக்குப் போனது. ராணுவத்தில் இன்றும் இவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. அவர்களில் ஒருவர் சுபேதார் சுப்ரமணியன். இங்கிருந்து ஒரு பகலில் போய்வரலாம், காஞ்சிபுரத்துப் பக்கம் கீழ் ஓட்டிவாக்கம்தான் அவர் ஊர். 1944 பிப்ரவரி, இத்தாலியில் மிக்னானோ. கண்ணிவெடி அகற்றும்போது ஒன்று மிதிபட்டுவிட்டது. அந்த வகை வெடி, மிதித்த சில நொடி கழித்துத்தான் வெடிக்கும். படுத்துத் தப்பிக்க அந்த நேரம் போதும். அவர் கூட இருந்தவர்களைக் காக்க அதன் மேலேயே விழுந்தார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். அவருக்குப் பெயராவது கிடைத்தது.

மற்றவர்கள் பெயரெல்லாம் தொலைந்ததா என்றால், இல்லை. முதல் போருக்குப் போனவர்களுக்கு வெள்ளியில் ஒரு மெடல் கொடுத்தார்கள். ஒரு பக்கம் ராஜா தலை. அதன் விளிம்பில், பொடி எழுத்தில், சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் பொறித்திருப்பார்கள். வெள்ளி விலைக்குப் போய் உருகியவை போக மிச்சம் எங்கேயாவது இருக்கும். உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஒரு லென்ஸை வைத்து விளிம்பைப் படித்துப் பாருங்கள். படித்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள். டீ குடிக்கும்வரை இங்கேதான் இருப்பேன்.