பங்களாவுக்குள் ஒரு கசங்கிய கோட்டு

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் 'கொலம்போ'. அதன் ஆரம்ப அத்தியாயங்களை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கொலம்போ, லாஸ் ஏஞ்சலிஸ் போலீசில் ஒரு லெப்டினன்ட். நடித்தவர் பீட்டர் ஃபாக். கொலம்போ போட்டிருக்கும் அந்தக் கசங்கிய மழைக்கோட்டுகூட ஃபாக் சொந்தக் காசில் வாங்கியதுதான். கொலை செய்தது யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். அப்புறம் என்ன சுவை என்று கேட்பீர்கள். கொலைகாரர் எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பதில்தான் மொத்தச் சுவையும்.

மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் பணமும் படிப்பும் பேரும் உள்ளவர்கள். அவர்களுடைய பெரிய வீட்டுக்குள் இந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு நுழைகிறார். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். மேட்டில் தோட்ட மேலாளரான துரையின் பங்களா, கீழே தொழிலாளர்களின் லயன் வீடுகள். பங்களா வாசலில் நின்றாலே குரல் தானாக இறங்கிவிடும் என்பது பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் வரிசைக்கு, நின்ற தலைமுறைக்குத் தெரியும். கொலம்போவும் அப்படித்தான் பணிவாகப் பேசுகிறார், தன் மனைவியைப் பற்றி ஏதேதோ சொல்கிறார். கண் மட்டும் செருப்பிலிருந்து சாம்பல் கிண்ணம் வரை அலசிக்கொண்டே இருக்கிறது. 'இவனுக்கு என்ன தெரியும்' என்று எதிரே இருப்பவர் நினைத்த நிமிடமே அவருக்குச் சரிவு தொடங்கிவிடுகிறது. நான் இந்தத் தொடரை நேசிப்பது இதற்காகத்தான்.

ஆனால் 1968-இல் வந்த முதல் படமான 'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' படத்தில் அவர் கொஞ்சம் வேறு ஆள். தலை ஒழுங்காக வாரியிருக்கிறது, பேச்சில் கடுமை இருக்கிறது. கொலைகார மனநல மருத்துவருக்கு உதவிய இளம்பெண்ணை ஒரு காட்சியில் சத்தம் போட்டு நெருக்குகிறார். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. அதே படத்தில் அந்த மருத்துவர் கொலம்போவை எடைபோட்டு, நீ வேண்டுமென்றேதான் சாதாரண ஆள் போலக் காட்டிக்கொள்கிறாய் என்கிறார். அவரைச் சரியாகப் படித்த எதிராளி அந்த மருத்துவர்தான் என்பது என் கருத்து.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, 'இன்னும் ஒன்றே ஒன்று' என்பாரே, அது பிறந்த கதையும் அருமை. லெவின்சனும் லிங்கும் இந்தப் பாத்திரத்தைப் படைத்தவர்கள். ஒரு காட்சி நீளம் போதவில்லை, கொலம்போவோ ஏற்கெனவே வெளியேறிவிட்டார். மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, அவரையே திரும்பி வரவைத்துவிட்டார்கள்!

சரி, 1971 செப்டம்பர் 15-க்கு வருவோம். தொடர் முறையாகத் தொடங்கிய அன்று வந்தது 'மர்டர் பை தி புக்'. இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அப்போது அவருக்கு 24 வயது. தொடக்கத்தில் கார் ஓடுகிறது, காரின் சத்தம் இல்லை. தட்டச்சுப் பொறியின் தட்தட் மட்டும் கேட்கிறது. கதையில் துப்பறியும் நாவல்களைச் சேர்ந்து எழுதும் இருவரில் ஒருவர் கொல்லப்படுகிறார். கொலம்போ அவருடைய மனைவியின் சமையலறையில் நின்று, அந்த அம்மா பசியாற ஆம்லெட் போட்டுக்கொடுத்துக்கொண்டே விசாரிக்கிறார். மூன்றாண்டுக்கு முன் ஒரு பெண்ணிடம் கத்திய அதே அதிகாரி! அந்த ஆம்லெட் காட்சியில்தான் நமக்குத் தெரிந்த கொலம்போ முழுதாக வந்து நிற்கிறார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள், 1968 படத்தைப் பிறகு பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பங்களாக் காட்சிகள் வரும்போது அவர்களிடம் சொல்ல நிறைய இருக்கும். நன்றி, வணக்கம்.