நண்பகலில் வந்த கொடுங்கனவு: ‘ட்விலைட் ஸோன்’ தொடரின் ஓர் அத்தியாயம்

வணக்கம். அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1959ஆம் ஆண்டு நவம்பர் 27 அன்று ஒளிபரப்பான ‘பர்ச்சான்ஸ் டு ட்ரீம்’ என்ற அத்தியாயத்தைப் பற்றி இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேசவே முடியாது. ஆகவே, இன்னும் பார்க்காதவர்கள் ஒரு 25 நிமிடம் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

‘ட்விலைட் ஸோன்’ தொடரை உருவாக்கியவர் ராட் செர்லிங். முதல் எட்டு அத்தியாயங்களையும் அவரே எழுதினார். ஒன்பதாவதான இதுதான் வேறொருவர் எழுதிய முதல் அத்தியாயம். எழுதியவர் சார்லஸ் போமான்ட். முந்தைய ஆண்டு பத்திரிகையில் வெளியான தம் சிறுகதையையே அவர் திரைக்கதையாக்கினார். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இளவரசன் சாவைத் தூக்கத்தோடு ஒப்பிட்டு, தூங்கினால் ஒருவேளை கனவும் வருமோ என்று தயங்கும் இடத்திலிருந்து இதன் தலைப்பு எடுக்கப்பட்டது.

(திரையில்: கறுப்பு வெள்ளையில் ஒரு நகரத் தெரு. உச்சிவெயில்.)

கதை தொடங்கும் நேரம் நண்பகல் 12 மணி. திகில் கதை என்றாலே நள்ளிரவை எதிர்பார்க்கும் நமக்கு, மதிய உணவுக்காக மக்கள் வெளியே வரும் அந்தப் பட்டப்பகலில், நிற்கவே தெம்பில்லாத ஒரு மனிதரைக் காட்டுகிறார்கள். அவர் பெயர் எட்வர்ட் ஹால். நடித்தவர் ரிச்சர்ட் கான்டே. அவர் தேடி வந்திருப்பது ராத்மன் என்ற மனநல மருத்துவரை.

ஹால் 87 மணி நேரமாகத் தூங்கவில்லை. அவருக்கு இதய நோய் இருக்கிறது. பெரிய அதிர்ச்சி எதையும் அந்த இதயம் தாங்காது. அவருடைய கனவுகளோ, அந்தக் காலத் திரையரங்குகளில் வாரம் ஒரு பகுதியாகக் காட்டப்பட்ட தொடர்படங்களைப் போல, விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. கனவில் ஒரு கேளிக்கைத் திடல் இருக்கிறது. அங்கே மாயா என்றொரு நடனக்காரி இருக்கிறாள். இந்தப் பெயரின் பொருளைத் தமிழ் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் முதலில் அவரை ஒரு திகில் வீட்டுக்குள் அழைத்துச் செல்கிறாள். அடுத்து ரோலர் கோஸ்டரில் ஏற்றுகிறாள். மறுபடி தூங்கினால் அவள் தம்மைக் கொன்றுவிடுவாள், தூங்காமலே இருந்தால் களைப்பே இதயத்தை நிறுத்திவிடும் என்று ஹால் சொல்கிறார். இரண்டு பக்கமும் வழி அடைபட்ட நிலை.

மருத்துவரால் உதவ முடியாது என்று புரிந்துகொண்டு அவர் வெளியே போகிறார். அங்கே இருக்கும் வரவேற்பாளப் பெண்ணின் முகம் அச்சு அசல் மாயாவின் முகமாக இருக்கிறது. இரண்டு வேடங்களிலும் நடித்தவர் சூசன் லாயிட். அலறியடித்துக்கொண்டு அறைக்குள் ஓடிவரும் ஹால், சன்னல் வழியாகக் குதித்துவிடுகிறார்.

அடுத்த காட்சியில், அதே அறையின் சாய்விருக்கையில் ஹால் கண்மூடிக் கிடக்கிறார். மருத்துவர் வரவேற்பாளரை உள்ளே அழைத்து நடந்ததைச் சொல்கிறார்: வந்தார், படுத்தார், படுத்தவுடனே தூங்கிவிட்டார், சில கணங்களில் ஓர் அலறல், அத்தோடு உயிர் போய்விட்டது. அமைதியாகவாவது போய்ச் சேர்ந்தாரே என்று ஆறுதலும் பட்டுக்கொள்கிறார்.

இந்த ஆறுதல் வார்த்தைதான் அத்தியாயத்தின் மிகக் கொடூரமான இடம் என்பது என் கருத்து. சாய்விருக்கையில் படுத்ததற்குப் பிறகு நாம் கேட்ட உரையாடல் முழுவதும் கனவுக்குள் நடந்தது. அப்படியானால் ஹால் தம் கொடுங்கனவை ராத்மனிடம் விளக்கவே இல்லை. ராத்மன் ஆறுதலாகக் கேட்ட கேள்விகளையும் ஹாலின் மனமே கேட்டுக்கொண்டது. மாயா என்ற பெயர் மருத்துவரின் காதில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. அந்த மனிதர் எப்படித் துடித்துச் செத்தார் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்த நம்மைத் தவிர.

நம்மை இவ்வளவு எளிதாக ஏமாற்ற முடிந்ததற்கு இயக்குநர் ராபர்ட் ஃப்ளோரியின் கைவண்ணம் பெரிய காரணம். கேளிக்கைத் திடல் காட்சிகளில் கேமரா சாய்ந்து நிற்கிறது, நிழல்கள் நீள்கின்றன, எதுவும் நேராக இல்லை. மருத்துவரின் அறையிலோ மேசை, நாற்காலி, சன்னல் எல்லாம் அன்றாட உலகத்தில் உள்ளபடியே இருக்கின்றன. கோணலாக இருப்பது கனவு, நேராக இருப்பது நனவு என்று நாமே ஒரு விதியை வகுத்துக்கொள்கிறோம். கோணலும் நேரும் ஒரே கனவின் இரண்டு அறைகள் என்று கடைசியில்தான் தெரிகிறது.

(திரையில்: ஓடும் கடிகார முள்.)

சில கணங்களில் இத்தனை நீளமான கனவு வருமா? ஒரு நொடிக் கனவுக்குள் ஒரு மனிதன் ஓர் ஆயுளையே வாழ்ந்துவிடலாம் என்ற நம்பிக்கையின் மீதுதான் செர்லிங்கின் முடிவுரை நிற்கிறது. அது பழைய நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆல்ஃப்ரெட் மோரி என்ற அறிஞர், பிரெஞ்சுப் புரட்சியில் தாம் விசாரிக்கப்பட்டு, கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கில்லட்டினில் தலை வெட்டப்படுவதாகக் கனவு கண்டு விழித்தார். பார்த்தால் கட்டிலின் சட்டம் பெயர்ந்து அவர் கழுத்தில் விழுந்திருந்தது. சட்டம் விழுந்த அந்தக் கணத்திலேயே முழுக் கனவும் உண்டானது என்று அவர் கருதினார்.

ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் நிலையை சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜீன் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் 1953இல் விவரித்தார்கள். அந்த நிலை தொடங்கி 5 நிமிடத்திலும் 15 நிமிடத்திலும் ஆட்களை எழுப்பி, எவ்வளவு நேரம் கனவு கண்டீர்கள் என்று கேட்ட ஆய்வை வில்லியம் டிமென்ட் கிளைட்மனோடு சேர்ந்து 1957இல் வெளியிட்டார். பெரும்பாலும் சரியான விடையே கிடைத்தது. அதாவது, கனவு நேரமும் கடிகார நேரமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. அறிவியல்படி பார்த்தால் அத்தியாயத்தின் கணக்கு இங்கே இடிக்கிறது.

தூக்கமின்மை விஷயத்தில் கதை உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. அதே 1959 ஜனவரியில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், கண்ணாடிச் சாவடிக்குள் அமர்ந்து, பீட்டர் டிரிப் என்ற வானொலி அறிவிப்பாளர் நிதி திரட்டுவதற்காக 201 மணி நேரம் விழித்திருந்தார். நாட்கள் செல்லச்செல்ல இல்லாதவை அவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. கடைசி நாளில் தம்மைப் பரிசோதிக்க வந்த மருத்துவரைப் பிணம் புதைப்பவர் என்று நினைத்து அவர் தப்பி ஓட முயன்றதாகப் பதிவாகியிருக்கிறது. தூங்காதவனின் கண் எதிரே நிற்பவர் முகத்தை எப்படி மாற்றிக்காட்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

போமான்ட் இந்தப் பொருளை விடவில்லை. 1961 மே மாதம் ஒளிபரப்பான ‘ஷேடோ பிளே’ அத்தியாயத்தில், மரண தண்டனை பெற்ற ஒருவன், சுற்றியுள்ள எல்லோரும் தன் கனவில் இருப்பவர்களே, தன்னைக் கொன்றால் எல்லோரும் மறைந்துவிடுவீர்கள் என்று வாதாடுகிறான். அரசு வழக்கறிஞர் வீட்டு அடுப்பில் வைத்த இறைச்சி வேறொன்றாக மாறிப்போகும் ஓர் எளிய காட்சியிலேயே பார்ப்பவர் வயிற்றில் புளியைக் கரைத்துவிடுகிறார்கள். தண்டனை நிறைவேறியதும் எல்லாம் அணைந்து, அதே விசாரணை, அதே மனிதர்கள் வேறு வேடங்களில் இருக்க, மறுபடி தொடங்குகிறது.

இனி மறுபடி ராத்மனின் அறைக்கு வருவோம். உள்ளே வரும்போது ஹாலின் கண்ணில் அந்த வரவேற்பாளர் பட்டிருக்கலாம். அந்த முகத்தைக் கனவு எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மாயா முந்தைய கனவுகளிலும் வந்தவள் அல்லவா என்று கேட்கத் தோன்றும். அதை நமக்குச் சொன்னவர் ஹால். சொன்ன இடமும் கனவுக்குள்தான். முந்தைய இரவுகளில் அவளுக்கு வேறு முகம் இருந்ததா, அல்லது அப்படியொருத்தி இருந்தாளா என்பதற்குக்கூட வெளியிலிருந்து ஒரு சாட்சி இல்லை.

(திரையில்: சாய்விருக்கையின் அருகே நிற்கும் பெண்.)

கடைசிக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். மருத்துவர் அழைத்ததும் அந்தப் பெண் உள்ளே வந்து, தனக்கு முன்பின் தெரியாத ஒருவர் இறந்துகிடப்பதைப் பார்த்து, அப்படியே நிற்கிறார்.