ஊரில் ஒரு சீதன வீடு, லண்டனில் ஒரு சொலிசிட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் சட்ட வேலை பார்ப்பது என் தொழில். கன்வேயன்சிங் என்பார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக, பெரும்பாலும் வடமேற்கு லண்டனில், பெரும்பாலும் எங்கட ஆட்களுக்கு. "வீடு வாங்க நல்ல சொலிசிட்டரை எப்படிப் பிடிப்பது என்று கதையுங்கள்" என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். நான் பிழைவிட்ட ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பதினொரு வருட வாடகை வாழ்க்கை. ஹரோ பக்கம் ஒரு வீடு பார்த்து, விலை பேசி, வங்கி கடனும் தருவதாகச் சொல்லிவிட்டது. முதல் வீடு என்பதால் முத்திரை வரியில் சலுகை உண்டு என்று இரண்டு பேரும் துல்லியமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் படிவத்தில், "உலகில் எங்காவது உங்களுக்கு வீடு இருந்ததுண்டா?" என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதியிருந்தார்கள். நானும் சரி என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள ஒரு வாரம் இருக்கும்போது வேறு ஏதோ விசயமாக அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். கதையோடு கதையாக, "அம்மா நல்லூரில் தனியத்தான் இருக்கிறா, எனக்குச் சீதனமாக எழுதின வீட்டில்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "தங்கச்சி, அந்த உறுதி உங்கட பெயரிலா இருக்கு?" என்றேன். "ஓம் அண்ணை, அது ஊர் வீடுதானே" என்றார்.

அவர் பொய் எழுதவில்லை. லண்டன் படிவத்தில் 'வீடு' என்றால் லண்டன் வீடு என்றுதான் அவருக்குப் பட்டிருக்கிறது. அம்மா இருக்கிற வீட்டைத் தன் சொத்தாக அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனால் இங்கிலாந்தின் வரிச் சட்டத்துக்கு அது வீடுதான். முதல் வீட்டுக்காரர் சலுகை வேண்டுமென்றால், வாங்குகிற எல்லோரும் உலகில் எங்குமே வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. சீதனமாக வந்ததும் கணக்கு, முதுசமாக வந்ததும் கணக்கு.

இன்றைய வீதத்தில் சொல்கிறேன், பேனை இருந்தால் எடுங்கள். 450,000 பவுண்ஸ் வீடு. இரண்டு பேருக்குமே முதல் வீடு என்றால், 300,000 வரை வரி இல்லை, மிச்சத்துக்கு 5 வீதம். 7,500 பவுண்ஸ். அந்தச் சலுகை இல்லையென்றால் 12,500. இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. வேறொரு வீடு கையில் இருக்கும்போதே இதையும் வாங்குகிறீர்கள் என்றால், முழு விலைக்கும் மேலதிகமாக 5 வீதம். 2024 ஒக்டோபர் 31 இலிருந்து அப்படி. மொத்தம் 35,000 பவுண்ஸ். ஊரில் உள்ள சொத்தின் பெறுமதி 40,000 பவுண்ஸுக்குக் குறைவென்றால் இந்த மேலதிக வரி வராது. ஆனால் 40,000 பவுண்ஸ் என்பது இன்று இலங்கைக் காசில் ஒன்றரைக் கோடிக்கு மேல். நல்லூரில் கிணறும் நாலு பரப்புக் காணியுமாக இருக்கிற வீடு என்ன விலை போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"அப்ப என்ர பெயரில மட்டும் வாங்கினால்?" என்று கணவன் கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்வி. சேர்ந்து வாழும் கணவன் மனைவியை இந்த மேலதிக வரிக்கு ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள். மேலதிக வரி விழுகிற இடத்தில் முதல் வீட்டுச் சலுகையும் போய்விடும். தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை, வைத்து எழுதிய உறுதி என்றால் சிக்கல் இன்னொரு படி கூடும். அதற்கு வரி தெரிந்த ஒருவரிடம் தனியாகப் போகத்தான் வேண்டும். முதல் நாளே தெரிந்திருந்தால் யோசிக்க நேரம் இருந்திருக்கும். கடைசி வாரத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வீடு கைவிட்டுப் போனது. அடுத்த வருடம் கொஞ்சம் தள்ளி, ஓர் அறை குறைவான வீடாக வாங்கினார்கள்.

படிவத்தை நம்பியது என் பிழை. அன்றிலிருந்து நான் வாயால்தான் கேட்கிறேன், எங்கட மொழியில்: "சீதன வீடு இருக்கா? அப்பா செத்தபிறகு காணி பிரிச்சதா? கொழும்பில் அண்ணாவோடு சேர்ந்து பிளாட் ஏதும்?" சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இப்படித் துருவித் துருவிக் கேட்கிற ஆளைத்தான் நீங்கள் தேடவேண்டும்.

ஆனால் நாங்கள் தேடுகிற விதம் வேறு. "எங்கட அசைலம் கேஸ் பார்த்த லோயர் இருக்கிறார், அவரிடமே போவோம்." அந்த நன்றி எனக்கு விளங்குகிறது. விசா வாங்கித் தந்தவரை மறக்க முடியாதுதான். ஆனால் குடிவரவுச் சட்டம் வேறு, காணிச் சட்டம் வேறு. வருடத்துக்கு இரண்டு வீட்டுக் கோப்பு பார்க்கிறவரிடம் உங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, "வாங்குகிறவரும் எங்கட ஆள், விற்கிறவரும் எங்கட ஆள், ஒரே சொலிசிட்டர் இரண்டு பக்கமும் பார்த்தால் செலவு பாதி." ஒருவருடைய நலன் மற்றவருடைய நலனோடு மோதுகிற இடத்தில் ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்பதைச் சொலிசிட்டர்களின் ஒழுக்க விதி தடுக்கிறது. விலை, குறைபாடு, திகதி என்று வீட்டு வியாபாரத்தில் மோதாத இடம் எது?

எஸ்டேட் ஏஜன்ட் ஒரு பெயரைக் கையில் திணிப்பார். "இவரிடம் போனால் கெதியில் முடியும்." அனுப்புகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஏஜன்ட்டுக்குக் காசு கிடைக்கலாம். கிடைக்கிறது என்றால் அதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்பது விதி. "எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். அவர் காட்டுகிற ஆள் நல்ல ஆளாகவும் இருக்கலாம், ஆனால் அவரிடம்தான் போகவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பிறகு விலை. 2018 டிசம்பரிலிருந்து சொலிசிட்டர்கள் வீட்டு வேலைக்கான கட்டணத்தை வெளிப்படையாகப் போடவேண்டும். போடுகிறார்கள், பெரிய எழுத்தில். சின்ன எழுத்தில் மற்றது வரும்: லீஸ்ஹோல்ட் (குறித்த வருடங்களுக்கு மட்டும் உரிமை) என்றால் கூட, அன்பளிப்புக் காசு என்றால் கூட, முத்திரை வரிப் படிவத்துக்குத் தனி, வங்கி மூலம் காசு அனுப்பத் தனி, எல்லாவற்றுக்கும் மேல் 20 வீத வற் வரி. ஆகவே அடித்தொகையை ஒப்பிடாதீர்கள். "இந்த வீட்டுக்கு, இந்த நிலைமைக்கு, கடைசிக் கணக்கு எவ்வளவு?" என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்குதல் முறிந்துபோனால் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். ஒப்பந்தம் மாறும்வரை இங்கிலாந்தில் எவரும் எவருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. கைகுலுக்கிய பிறகும் விற்கிறவர் கூடிய விலைக்கு இன்னொருவரிடம் போகலாம், நீங்களும் விலகலாம்.

அடுத்தது, என் கோப்பை உண்மையில் பார்க்கப்போவது யார்? கையெழுத்துப் போடும் ஆள் ஒருவர், வேலை பார்க்கிறவர் வேறொருவர், போன் எடுப்பவர் மூன்றாமவர் என்று நடக்கிற அலுவலகங்கள் உண்டு. பெயரைக் கேளுங்கள். அவர் லீவில் போனால் யார் என்றும் கேளுங்கள். உங்கள் வங்கியின் பனலில், அதாவது வங்கி ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர்களின் பட்டியலில், இவர்கள் இருக்கிறார்களா என்று மறக்காமல் கேளுங்கள். இல்லாவிட்டால் வங்கி தனக்கென்று வேறு சொலிசிட்டரை வைக்கும், அந்தச் செலவு உங்கள் தலையில். சொலிசிட்டர்தான் வேண்டும் என்றும் இல்லை. லைசன்ஸ்ட் கன்வேயன்சர் என்று இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி ஒழுங்குபடுத்தும் சபை உண்டு. யாராக இருந்தாலும் அவரவர் சபையின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

இப்போது காசுக் கதை. டிபோசிட்டுக்கு 60,000 வைத்திருக்கிறீர்கள். "எங்கிருந்து வந்தது?" என்று கேட்பேன். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகள் என்னைக் கேட்க வைக்கின்றன. கேட்காவிட்டால் என் தொழில் போய்விடும். எங்கட ஆட்களின் காசு பல வாய்க்காலால் வந்து சேரும். சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, சீட்டு எடுத்தது, நகை விற்றது, கனடாவில் இருக்கிற மாமா அனுப்பியது. எல்லாம் நேர்மையான உழைப்புத்தான். ஆனால் சீட்டுக்கு ஒரு கொப்பியும் ஒரு அக்காவின் ஞாபகமும்தான் சாட்சி. வீடு பார்க்கத் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே காசை வங்கிக்குக் கொண்டுவாருங்கள். சீட்டுக்குக் கட்டியது ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கிலிருந்து போனதாகத் தெரியட்டும். காசுக்கட்டோடு என் மேசைக்கு வராதீர்கள், என்னால் வாங்க முடியாது.

அண்ணா கொடுத்த காசு அன்பளிப்பா, கடனா என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். அன்பளிப்பு என்று வங்கிக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, இரகசியமாக மாதாமாதம் திருப்பிக் கொடுப்பது வங்கியை ஏமாற்றுவது. அண்ணாவுக்கும் ஆபத்து. பிறகு குடும்பத்தில் பிரச்சினை வந்தால் "இது அன்பளிப்பு" என்று அவரே கையெழுத்து வைத்த கடிதம் அவருக்கு எதிராக நிற்கும். அவருக்கு வீட்டில் பங்கு வேண்டுமென்றால் யாருக்கு எத்தனை வீதம் என்று முதலிலேயே பத்திரம் எழுதலாம். கூச்சமாகத்தான் இருக்கும். சகோதரங்கள் கோர்ட்டில் முகம் பார்க்காமல் நிற்பதைக் கண்டபிறகு எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது.

ஊரில் நொத்தாரிசு உறுதியை வாசிப்பார், இரண்டு சாட்சி கையெழுத்து வைப்பார்கள், உறுதி பெட்டகத்துக்குள் போகும். இங்கே அந்த மாதிரி உறுதி கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். லாண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசாங்கக் காணிப் பதிவகத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறுவதுதான் உடைமை. கைக்கு வருவது அதன் பிரதி. வேலை முழுக்க அதற்கு முன்னால் நடக்கிறது. விற்கிறவர் வீட்டின் குறையைத் தானாக வந்து சொல்லவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை, வாங்குகிறவர்தான் தோண்டிப் பார்க்கவேண்டும் என்பது இங்கத்தைய பழைய சட்டம். அதனால்தான் கவுன்சில் தேடல், தண்ணீர் வடிகால் தேடல், சுற்றாடல் தேடல் என்று மூன்று நான்கு மாதம் இழுபடுகிறது.

ஹரோவில், வெம்பிளியில், ஈஸ்ட்ஹாமில் கூரைக்குள் அறை எடுக்காத வீடு குறைவு. "நாலு பெட்ரூம்" என்று விளம்பரம் சொல்லும். அந்த நாலாவது அறைக்குக் கட்டட ஒழுங்குவிதிச் சான்றிதழ் இருக்கிறதா? இல்லாவிட்டால் அதைப் படுக்கையறை என்று கணக்கில் எடுக்காதீர்கள். தீப்பிடித்தால் பிள்ளைகள் இறங்கி வர வழி சரியாக இருக்கிறதா என்று ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். விற்கிறவர் பக்கம், "ஒரு இன்சூரன்ஸ் பொலிசி எடுத்துத் தருகிறோம்" என்பார்கள். அந்தப் பொலிசி கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் காசு தரும், தளத்தின் வளையைப் பலப்படுத்தாது. பொலிசிக் கதை நடக்கும்போது அவசரப்பட்டு நீங்களே கவுன்சிலுக்குப் போன் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அந்தப் பொலிசியே கிடைக்காமல் போகலாம். முதலில் சொலிசிட்டரைக் கேளுங்கள், பிறகு சர்வேயரை அனுப்புங்கள். வங்கி அனுப்புகிற மதிப்பீட்டாளர் வங்கியின் காசுக்காக வருகிறவர், உங்கள் கூரைக்காக அல்ல.

பிளாட் என்றால் லீஸில் எத்தனை வருடம் மிச்சம், வருடக் கட்டணம் எவ்வளவு, சேர்விஸ் சார்ஜ் ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். 80 வருடத்துக்குக் கீழே போன லீஸை நீடிக்கச் செலவு கூடும் என்பதை மட்டும் இன்று சொல்லி வைக்கிறேன். பிளாட்டுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வீடு முடிகிற வாரத்தில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, காசை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று உங்கள் சொலிசிட்டரின் பெயரிலேயே மின்னஞ்சல் வந்தால், அனுப்பாதீர்கள். முதன்முதலில் சந்தித்தபோது அவர் தந்த நம்பருக்குப் போன் எடுங்கள். மின்னஞ்சலில் இருக்கிற நம்பருக்கு அல்ல.

கடைசியாக நல்ல நாள். ஒப்பந்தம் மாற்றும்போது சாவி வாங்கும் திகதியும் அதில் எழுதப்படும். பிறகு "அன்று அட்டமி" என்று வந்தால் ஒன்றும் செய்ய முடியாது, நாள் தவறினால் நட்டஈடுகூடக் கட்டவேண்டி வரும். பஞ்சாங்கத்தை அதற்கு முன்னால் பாருங்கள், நான் சிரிக்கமாட்டேன். ஆனால் சாவி எத்தனை மணிக்கு வரும் என்பது என் கையில் இல்லை. ஒருவர் விற்ற காசில்தான் மற்றவர் வாங்குகிறார், சங்கிலி போல. ஒருமுறை ஒரு குடும்பம் புது வீட்டு வாசலில் காருக்குள் காத்திருந்தது. மடியில் பானை, காலடியில் பால், பின்சீட்டில் சாமிப்படம். செவ்வாய்க்கிழமை. ஊர்க் கணக்குப்படி ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. இரண்டு மணிக்கு வரவேண்டிய காசு மூன்றுக்கும் வரவில்லை, நாலுக்கும் வரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு போன். நாலேமுக்காலுக்குச் சாவி கைக்கு வந்தது. அந்த அம்மா, நான் வேண்டுமென்றே ராகு காலம் கழியட்டும் என்று பிடித்து வைத்ததாக இன்றைக்கும் கோயிலில் காண்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுக்கப் போகவில்லை.

வணக்கம்.