எஃப்.சி. முடிந்த உலை

வணக்கம்.

ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினால் நான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவேன். வேடிக்கை பார்க்க அல்ல. அங்கேதான் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று, எந்தத் தேதி வரை என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறப்போகிற வண்டி. எட்டு வயதைத் தாண்டிய வண்டியென்றால் வருஷா வருஷம் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக் பார்த்து, ஸ்டியரிங் பார்த்து, பட்டி தட்டிப் பெயின்ட் அடித்துத்தான் தேதி வாங்கியாக வேண்டும். பழைய பஸ் என்பதற்காக யாரும் இறங்கிப் போவதில்லை. தேதி எழுதியிருக்கிறது, படிக்க நினைப்பவர் படித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அணு உலைக்கும் எஃப்.சி. உண்டு. அதை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் படிக்க நமக்கு வழி இருக்கிறதா என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். எல்லாம் துணைமின் நிலைய வேலை. அணுமின் நிலையத்துக்குள் வேலை பார்த்தவன் இல்லை. உலை வேண்டும் என்கிற கட்சியும் இல்லை, வேண்டாம் என்கிற கட்சியும் இல்லை. அந்த இரண்டு கட்சியும் என் வீட்டிலேயே இருக்கின்றன. மகள் ஒன்று, மருமகன் ஒன்று. பொங்கலுக்கு வந்தால் இலையில் சாம்பார் ஆறிப்போகும்.

பழைய இயந்திரம் எப்படிப் பேசும் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த ஒரு துணைமின் நிலையத்தில், ஊர் பெயர் வேண்டாம், என்னைவிட வயதான டிரான்ஸ்பார்மர் ஒன்று நின்றது. ஆயில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். ரிசல்ட் சரியில்லை. மாற்ற வேண்டும் என்று எழுதி மேலே அனுப்பினேன். ‘ஓடுதில்ல? ஓடட்டும்’ என்று பதில் வந்தது, அதுவும் வாய்மொழியாக. அடுத்த ஆடிக்காற்றில் ஒரு ராத்திரி அதன் புஷிங், கம்பி உள்ளே நுழைகிற இடத்துப் பீங்கான் உறை, வெடித்தது. டியூட்டியில் இருந்த இரண்டு பேரும் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மறுநாள் விசாரணை. என் கடிதம் ஃபைலில் இல்லை. அந்த டீக்கடைக்காரருக்கு நாங்கள் மாலை போட்டிருக்க வேண்டும்.

அந்த டிரான்ஸ்பார்மர் வெடித்தால் நான்கு மின்பாதைக்குக் கரண்ட் கட்டாகும். அணு உலை அப்படி இல்லை. அங்கேயும் ஒரு நாள் யாரோ ‘ஓடுதில்ல? ஓடட்டும்’ என்று சொல்லலாம் அல்லவா, அந்தப் பேச்சு வாய்மொழியோடு போய்விடக் கூடாது என்றுதான் எனக்குக் கவலை.

வயதுக் கணக்கைப் பார்ப்போம். மகாராஷ்டிரத்தில் தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் 1969 அக்டோபரில் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கட்டிக்கொடுத்தது. 210 மெகாவாட்டாகத் தொடங்கி, பிறகு 160-க்குக் குறைத்தார்கள். 2020-இல் இரண்டையும் பெரிய பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். ராஜஸ்தானின் முதல் உலை 2004-லிருந்து ஓடவில்லை. நமக்குப் பக்கம் என்றால் கல்பாக்கம். சேலத்திலிருந்து நேர்கோடு போட்டால் 240 கிலோமீட்டர் வாக்கில் வரும். அங்கே முதல் உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்திக்கு வந்தன. முதல் உலை 2018 ஜனவரியில் நின்றது. நின்றது நின்றதுதான், வருஷக்கணக்காக.

உலையில் எது வயதாகிறது? கல்பாக்கம் வகை உலைக்குள் படுக்கைவசத்தில் 306 குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் யுரேனியக் கட்டுகள் வரிசையாக இருக்கும். அவற்றைத் தொட்டுக்கொண்டு கனநீர் என்கிற எடை கூடிய தண்ணீர் கடும் அழுத்தத்தில் ஓடும். இந்தக் குழாய் சிர்கோனியம் கலந்த உலோகம். வெப்பம், அழுத்தம், நியூட்ரான் அடி, மூன்றும் சேர்ந்து வருஷம் போகப்போக அதை நீட்டும், நடுவில் தொய்ய வைக்கும். பழைய கொடிக்கயிறு தொய்வது மாதிரி. தொய்ந்து, தன்னைச் சுற்றியிருக்கிற வெளிக்குழாயைத் தொட்டுவிட்டால், தொட்ட இடம் குளிர்ந்து, உலோகத்தில் ஊறியிருக்கிற ஹைட்ரஜன் அங்கே போய்ச் சேரும். பிறகு அந்த இடம் அப்பளம்.

இதற்கு வைத்தியம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 306 குழாய்களையும் ஒட்டுமொத்தமாகப் பிடுங்கிப் புதிது போடலாம். கல்பாக்கத்தில் இரண்டு உலைக்கும் அதைச் செய்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது முதல் உலை அந்த வேலைக்காகத்தான் நிறுத்தப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையின் பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள், ஒரு வாரத்தில் மறுபடி ஓட்டினார்கள். ஊழியர் குடியிருப்பில்தான் உயிர்கள் போயின. அன்றைக்கு அந்த உலையை நிறுத்திய கைகளுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். பழைய உலை என்றாலே ஆபத்து என்று சொல்கிறவர்களோடு நான் சேராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஃபுகுஷிமாவையும் பார்க்க வேண்டும். அங்கே ஒன்றாம் உலை 1971 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. நாற்பது வயது நிறையப்போகிறது என்று, இன்னும் பத்து வருஷம் ஓட்டிக்கொள்ள ஜப்பான் அதிகாரிகள் அனுமதி கொடுத்தார்கள். அனுமதி கொடுத்தது 2011 பிப்ரவரி. சுனாமி வந்தது 2011 மார்ச் 11. எஃப்.சி. பெயின்ட் காயவில்லை.

இனி மக்கள் கதை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்றொரு மாநிலம். ஆறு லட்சத்துச் சொச்சம் ஜனம். நம் சேலம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே முப்பத்துநான்கு லட்சத்துக்கு மேல், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே வெர்மான்ட் யாங்கி என்று ஓர் உலை, 1972-லிருந்து. நாற்பது வருஷ உரிமம் 2012-இல் முடிய வேண்டும். நிறுவனம் இன்னும் இருபது வருஷம் கேட்டது. அந்த ஊர்களில் வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், எல்லோரும் கூடி வரவுசெலவிலிருந்து ரோடு பள்ளம் வரைக்கும் கையைத் தூக்கி முடிவு செய்கிற வழக்கம் உண்டு. நம் கிராமசபைதான். வித்தியாசம், அங்கே கையெழுத்து வாங்க நோட்டு வீட்டுக்கு வராது. அந்தக் கூட்டங்களில் ஊர் ஊராக உலையைப் பற்றித் தீர்மானம் போட்டார்கள். மாநில சட்டமன்றம் 2006-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: எங்கள் சம்மதம் இல்லாமல் 2012-க்கு மேல் ஓட்டக் கூடாது.

2010 ஜனவரியில், உலைக்குப் பக்கத்துக் கண்காணிப்புக் கிணற்றில் டிரிட்டியம் தெரிந்தது. கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன் அது, தண்ணீரோடு தண்ணீராகப் போகும். பூமிக்கடியில் குழாய் கசிந்திருக்கிறது. அதற்கு முன்னால் நிறுவனத்தின் அதிகாரிகள், அந்த மாதிரித் தண்ணீர் போகிற குழாய் பூமிக்கடியில் இல்லவே இல்லை என்று மாநிலத்திடம் சொல்லியிருந்தார்கள். குழாய் கசிந்ததை அந்த மக்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், இல்லை என்று சொன்னதைப் பொறுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பிப்ரவரியில் மாநில செனட் வாக்கெடுத்தது. நீட்டிப்பு வேண்டாம் என்று 26, வேண்டும் என்று 4.

ஜெயித்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 2011 மார்ச்சில், ஃபுகுஷிமா புகைந்துகொண்டிருந்த அதே மாதத்தில், இருபது வருஷ உரிமம் கொடுத்தது. நிறுவனம் வழக்குப் போட்டது. அணு உலைப் பாதுகாப்பைப் பேச மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மக்கள் தோற்றார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பும் நிறுவனத்தின் பக்கமே வந்த அதே 2013 ஆகஸ்டில், நிறுவனமே மூடுகிறேன் என்று அறிவித்தது. இயற்கை எரிவாயு மலிவாகிவிட்டது, கட்டுப்படியாகவில்லையாம். 2014 டிசம்பர் 29-இல் உலை நின்றது.

எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்தது. உலை நின்றதோடு ஜனங்கள் வீட்டுக்குப் போகவில்லை. பிரித்து எடுக்கிற வேலையைக் கவனிக்க மாநிலம் ஒரு மக்கள் ஆலோசனைக் குழு வைத்தது. எவ்வளவு பணம் மிச்சம், தீர்ந்த எரிபொருளை எங்கே வைக்கிறீர்கள், மண்ணை எத்தனை அடி தோண்டுகிறீர்கள் என்று ஊர்க்காரர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். சுவாரசியமே இல்லாத கூட்டம். ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை. எனக்கென்னவோ அங்கேதான் உண்மையான வேலை நடக்கிறது என்று தோன்றுகிறது. பிரான்சிலும் ஒவ்வொரு அணுமின் நிலையத்துக்கும் உள்ளூர்த் தகவல் குழு வேண்டும் என்று 2006-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் டயாப்லோ கேன்யன் உலை. அங்கே அம்மாக்கள் சங்கமே இரண்டு. ஒன்று ஐம்பது வருஷமாக மூடு என்கிறது. இன்னொன்று அந்த உலையிலேயே வேலை பார்த்த இரண்டு பெண்கள் 2016-இல் தொடங்கியது, மூடாதே என்கிறது. அதே வருஷம் நிறுவனமும் தொழிற்சங்கமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் உட்கார்ந்து 2025-க்குள் மூடலாம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். 2022-இல் மின்சாரம் பற்றாது என்று மாநிலமே 2030 வரை நீட்டியது. ஆக, குடிமக்கள் பேசினால் மூடத்தான் சொல்வார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. என் மருமகனுக்கு இந்தச் செய்தியை அனுப்பியிருக்கிறேன்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? புதிதாக ஓர் உலை கட்டுவதென்றால் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. கருத்துக்கேட்பு என்றால் என்னவென்று சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டுவழிச் சாலையில் கற்றுக்கொண்டோம். ஆட்சேபணை மனு எப்படி எழுதுவது, சர்வே எண்ணை எங்கே குறிப்பது என்று 2018-இல் நம் கிராமங்களில் ஆடு மேய்க்கிற அம்மாவுக்கும் தெரிந்துபோனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தோல்விதான். ஆனால் கற்றுக்கொண்டதை யாரும் திரும்பப் பிடுங்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கிற பழைய உலைக்கு அந்தக் கூட்டம் கிடையாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்கு உரிமம் கொடுக்கும், பத்து வருஷத்துக்கு ஒருமுறை முழு மீளாய்வு செய்யும். உரிமத் தேதியை அவர்களே வெளியிடுகிறார்கள், குறை சொல்லவில்லை. அந்தத் தேதிக்குப் பின்னால் இருக்கிற ஆய்வறிக்கைதான் கைக்கு வராது. 2012 ஏப்ரலில் கூடங்குளத்தின் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கையைக் கொடுங்கள் என்று மத்தியத் தகவல் ஆணையமே உத்தரவிட்டது. அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

பணக் கணக்கையும் போடுகிறேன், பழக்க தோஷம். உலையை நிறுத்தி, பிரித்து, இடத்தைச் சுத்தம் செய்வதற்கு டிகமிஷனிங் என்று பெயர். அதற்காக யூனிட்டுக்கு 2 பைசா ஒதுக்குகிறார்கள் என்று 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கைதான், டிகமிஷனிங் திட்டம் எந்த உலையிலும் தயாராக இல்லை என்றும் சொன்னது. ஒரு 220 மெகாவாட் உலை, நூற்றுக்கு எண்பது பங்கு ஓடுகிறதென்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 154 கோடி யூனிட். 2 பைசா வீதம் மூன்று கோடி ரூபாய். நாற்பது வருஷத்துக்கு, வட்டியைச் சேர்க்காமல், 123 கோடி. வெர்மான்ட் உலை நம்முடையதைப் போல மூன்று மடங்கு பெரிது. அது மூடும்போது இந்தக் கணக்கில் 50 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருந்தது. ரூபாயில் நீங்களே பெருக்கிப் பாருங்கள். அங்கே கூலி அதிகம், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் இடைவெளி கொஞ்சநஞ்சமில்லை.

சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டினார்கள். லாரி லாரியாக மேட்டூருக்குப் போனது, அலுமினியம் ஆனது. பிறகு ஆலை நின்றது, சுரங்கமும் நின்றது. வெட்டிய மேடு அப்படியே இருக்கிறது. மலையைத் தோண்டும்போது எத்தனையோ கையெழுத்து வாங்கியிருப்பார்கள், மூடுகிற கணக்கை அன்றைக்கே கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. நான் அப்போது சர்வீசில் இருந்தேன், மலைக்கு அடிக்கடி வருவேன், கேட்காதவர்களில் நானும் ஒருத்தன்.

அதனால் இந்தத் தடவை கேட்டிருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், ஒரு முழு வெள்ளைத்தாள், மூன்று கேள்வி. கல்பாக்கம் முதல் உலையைப் பற்றிய முடிவு எந்த நிலையில் இருக்கிறது? டிகமிஷனிங் திட்டம் எழுதியாகிவிட்டதா, எந்தத் தேதியில்? அந்த 2 பைசா நிதியில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது? ரகசியமான எதையும் கேட்கவில்லை. ஏற்காடு தபாலாபீசில் ஸ்பீட் போஸ்டில் போட்டேன். கவுண்டரில் இருந்த தம்பி முகவரியைப் படித்துவிட்டு, ‘சார், இதுக்கெல்லாம் பதில் வருமா?’ என்றார்.

முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இன்றைக்குப் பதினெட்டாவது நாள். வணக்கம்.